பைத்தானில் சப்நெட் கணக்கு: தமிழிலேயே எழுதும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்

192.168.10.77/27 என்ற முகவரி எந்த சப்நெட்டில், அதாவது நெட்வொர்க்கின் எந்தப் பிரிவில், இருக்கிறது? அதன் பிராட்காஸ்ட் முகவரி, அதாவது அந்தப் பிரிவின் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சமயத்தில் அனுப்பும் முகவரி, எது? அந்த சப்நெட்டில் எத்தனை கருவிகளை இணைக்கலாம்? நெட்வொர்க் வேலைக்குள் காலெடுத்து வைத்ததுமே எதிரில் வந்து நிற்கும் கேள்விகள் இவை. பாட வகுப்புகளில் முகவரியை ஒன்றும் பூஜ்யமுமாக விரித்து எழுதி, அதற்குக் கீழே மாஸ்க்கை (எந்தெந்த பிட் சப்நெட்டுக்குரியது என்று காட்டும் எண்ணை) எழுதி, பிட் பிட்டாகப் பார்க்கச் சொல்லித் தருவார்கள். அந்த முறையில் தவறில்லை. ஆனால் 32 இலக்கங்களில் ஒன்று இடம் மாறினாலும் விடை போய்விடும், எங்கே பிசகியது என்றும் தெரியாது.

பள்ளியில் படித்த வகுத்தல் கணக்கின் மீதியே இதற்குப் போதும். அதை வைத்து ஐந்தாறு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம். பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால், கணக்கு வரிகள் முழுவதையும் தமிழிலேயே எழுதுவோம். கீழே உள்ள வரிகள் அப்படியே ஓடும்.

முதலில் கையால்

ஐபிவி4 முகவரி மொத்தம் 32 பிட். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண், அதாவது ஸ்லாஷ் எண், முன்னாலிருந்து எத்தனை பிட் அந்த சப்நெட்டுக்கென்று நிலையானவை என்று சொல்கிறது. 27 போனால் மிச்சம் 5 பிட். 5 பிட்டில் 2×2×2×2×2 = 32 முகவரிகள் வரும். இந்த 32தான் சப்நெட்டின் அளவு.

மனதில் வைக்கவேண்டிய விதி ஒன்றே ஒன்று: சப்நெட் எப்போதும் தன் அளவின் மடங்கில்தான் தொடங்கும். அளவு 32 என்றால் 0, 32, 64, 96 என்றுதான் தொடங்கலாம். 40-இல் தொடங்க முடியாது.

77-ஐ 32-ஆல் வகுத்தால் மீதி 13. 77-இலிருந்து 13-ஐக் கழித்தால் 64. ஆக சப்நெட்டின் முதல் முகவரி, அதாவது நெட்வொர்க் முகவரி, 192.168.10.64. அதோடு 31-ஐக் கூட்டினால் 95, அது பிராட்காஸ்ட். இரண்டுக்கும் நடுவில் 65 முதல் 94 வரை 30 முகவரிகளைக் கருவிகளுக்குத் தரலாம்.

ஸ்லாஷ் எண் 24-க்குக் கீழே போகும்போதுதான் இந்தக் கைக்கணக்கு தடுமாறும். /20 என்றால் மூன்றாவது எண்ணில் கணக்குப் போடவேண்டும், /13 என்றால் இரண்டாவதில். எந்த எண்ணில் போடுவது என்பதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். ஸ்கிரிப்டுக்கு அந்தக் குழப்பமே இல்லை. நான்கு துண்டுகளையும் சேர்த்து ஒரே பெரிய எண்ணாக்கிவிட்டால் எல்லா ஸ்லாஷுக்கும் ஒரே கணக்குதான்.

ஸ்கிரிப்ட்

டெர்மினலில் பைத்தான் 3-ஐத் திறங்கள். >>> என்ற குறி தோன்றும். விண்டோஸில் தமிழ் எழுத்து உடைந்து தெரிந்தால், பைத்தானோடு சேர்ந்தே வரும் ஐடில் சாளரத்தில் எழுதுங்கள். 172.16.77.139/20 என்ற முகவரியை எடுத்துக்கொள்வோம்.

அ, ஆ, இ, ஈ = 172, 16, 77, 139
ஸ்லாஷ் = 20
முகவரி = அ * 256**3 + ஆ * 256**2 + இ * 256 + ஈ
அளவு = 2 ** (32 - ஸ்லாஷ்)
தொடக்கம் = முகவரி - முகவரி % அளவு
முடிவு = தொடக்கம் + அளவு - 1
மாஸ்க் = 2**32 - அளவு

இரண்டு நட்சத்திரம் அடுக்கைக் குறிக்கும். சதவீதக் குறி மீதியைத் தரும். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று எண்களோடு பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் பிழை வரும்போது இந்த இடைநிலை எண்கள்தான் வழிகாட்டும்.

172-ஐ 1,67,77,216-ஆல் பெருக்கினால் 2,88,56,81,152. 16-ஐ 65,536-ஆல் பெருக்கினால் 10,48,576. 77-ஐ 256-ஆல் பெருக்கினால் 19,712. கடைசி 139. நான்கையும் கூட்டினால் முகவரி 2,88,67,49,579. அளவு 2-இன் 12ஆம் அடுக்கு, அதாவது 4,096. மீதி 3,467. கழித்தால் தொடக்கம் 2,88,67,46,112. முடிவு 2,88,67,50,207.

இந்தப் பெரிய எண்களை யாரும் ரூட்டரில் போட முடியாது. மறுபடி நான்கு துண்டாக்கவேண்டும்:

தொடக்கம் // 256**3, தொடக்கம் // 256**2 % 256, தொடக்கம் // 256 % 256, தொடக்கம் % 256

எண்டர் தட்டியதும் (172, 16, 64, 0) என்று வரும். இரட்டைச் சாய்கோடு தசமம் இல்லாத ஈவைத் தருகிறது. இதே வரியில் தொடக்கம் என்ற இடத்தில் முடிவு என்று போட்டால் (172, 16, 79, 255), மாஸ்க் என்று போட்டால் (255, 255, 240, 0). முதல் கருவிக்கு 172.16.64.1, கடைசிக் கருவிக்கு 172.16.79.254. மொத்தம் 4,094 முகவரிகள்.

இந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எழுதவேண்டியிருப்பதால், கோப்பாகச் சேமிக்கும்போது இதைத் தனி ஃபங்ஷனாக்கிவிடுங்கள். ஃபங்ஷனுக்கான சொற்களும் திரையில் அச்சிடும் கட்டளையும் பைத்தானில் ஆங்கிலம்தான். உள்ளே இருக்கும் கணக்கு மாறாது. கோப்பிலிருந்து ஓட்டும்போது மாறியின் பெயரை மட்டும் எழுதினால் திரையில் எதுவும் வராது, அச்சிடும் கட்டளை கட்டாயம் வேண்டும்.

எங்கே பிசகும்

அடுக்குக்கு ^ குறி போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. விரிதாளில் அது அடுக்குதான், ஆனால் பைத்தானில் அது பிட் கணக்குக் குறி. 2 ^ 12 என்று எழுதினால் 4,096-க்குப் பதில் 14 வரும். பிழைச் செய்தி எதுவும் வராமல், பார்க்க ஒழுங்கான, முழுக்கத் தவறான விடை வரும். அளவு என்று மட்டும் எழுதி எண்டர் தட்டிப் பார்த்தால் உடனே பிடித்துவிடலாம்.

விடையில் தசமப் புள்ளி தென்பட்டால் இரண்டு காரணங்களில் ஒன்று. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பதில் ஒற்றைச் சாய்கோடு போட்டிருப்பீர்கள், அல்லது ஸ்லாஷ் எண் 32-ஐத் தாண்டியிருக்கும். 33 என்று கொடுத்தால் அளவு 0.5 ஆகிறது. பைத்தான் அதையும் வாய்திறக்காமல் கணக்குப் போட்டுவிடும். அதனால் ஸ்லாஷ் 0 முதல் 32-க்குள் இருக்கிறதா, நான்கு துண்டுகளும் 0 முதல் 255-க்குள் இருக்கின்றனவா என்று கணக்குக்கு முன்பே சோதித்து, இல்லையென்றால் நிறுத்திவிடவேண்டும். 256 என்று ஒரு துண்டு வந்தால் அது சத்தமில்லாமல் இடப்பக்கத் துண்டில் ஒன்றைக் கூட்டிவிடும். விடை வரும், ஆனால் அது வேறு நெட்வொர்க்கின் விடை.

முன்னால் பூஜ்யம் போட்ட எண்களை ஏற்காதீர்கள். 010 என்பதைச் சில கருவிகள் 10 என்றும் சில கருவிகள் எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக எடுத்து 8 என்றும் படிக்கின்றன. பாஷ் ஸ்கிரிப்டில் 010 என்பது 8, 08 என்பதோ பிழை. ஒரே முகவரி இரண்டு இடத்தில் இரண்டாகப் படிக்கப்படுவது பாதுகாப்புக்கே ஆபத்து.

இதே கணக்கை வேறு மொழியில் எழுதுகிறவர்கள் எண்ணின் கொள்ளளவைக் கவனிக்கவேண்டும். சி, ஜாவா மொழிகளின் வழக்கமான 32 பிட் முழு எண் 2,14,74,83,647 வரைதான் தாங்கும். முதல் எண் 128 அல்லது அதற்கு மேல் உள்ள எந்த முகவரியும் அதைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். 64 பிட் வகையைப் பயன்படுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்டில் கூட்டல், கழித்தல், மீதி எல்லாம் சரியாக வரும், பிட் குறிகளைத் தொட்டால்தான் எதிர்மறை எண் முளைக்கும். அங்கே பிட்களை 32 இடம் நகர்த்துவதும் நகர்த்தாமல் விடுவதும் ஒன்று என்பதால் /0 கணக்கும் கெடும். பாஷ் 64 பிட்டில் கணக்குப் போடுவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. பிட் குறிகளை விட்டு மீதிக் கணக்கையே இங்கே தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் காரணம்.

இன்னொன்று, கருவிகளின் எண்ணிக்கை. அளவிலிருந்து இரண்டைக் கழிக்கும் வழக்கம் /30 வரைதான். /31-க்குக் கழித்தால் பூஜ்யம், /32-க்குக் கழித்தால் எதிர்மறை ஒன்று. இரண்டு ரூட்டர்களை மட்டும் நேராக இணைக்கும் இடத்தில் /31-இன் இரு முகவரிகளையும் பயன்படுத்தலாம் என்று 2000-இல் வந்த ஆர்எஃப்சி 3021 என்ற இணைய விதிமுறை ஆவணம் வகுத்தது. /32 என்பது ஒரே ஒரு முகவரி. இரண்டுக்கும் ஸ்கிரிப்டில் தனி நிபந்தனை எழுதுங்கள்.

சரிபார்க்க

கீழே உள்ளவற்றில் ஒன்று தவறினாலும் ஸ்கிரிப்டை நம்பாதீர்கள்.

192.168.10.77/27: 192.168.10.64 முதல் 192.168.10.95 வரை
10.100.50.25/13: 10.96.0.0 முதல் 10.103.255.255 வரை
10.20.41.0/23: 10.20.40.0 முதல் 10.20.41.255 வரை
192.0.2.5/31: 192.0.2.4 முதல் 192.0.2.5 வரை
203.0.113.9/0: 0.0.0.0 முதல் 255.255.255.255 வரை

மூன்றாவது வரியை இன்னொரு முறை பாருங்கள். .0-வில் முடியும் முகவரியெல்லாம் நெட்வொர்க், .255-இல் முடிவதெல்லாம் பிராட்காஸ்ட் என்று மனப்பாடமாக இருப்பவர்களுக்கு இது இடிக்கும். இந்த /23-க்குள் 10.20.40.255, 10.20.41.0 இரண்டுமே கருவிகளுக்குத் தரக்கூடிய சாதாரண முகவரிகள்.

மாஸ்க்கிலிருந்து ஸ்லாஷ்

பழைய கருவிகளின் அமைப்புப் பக்கத்தில் 255.255.240.0 என்றுதான் இருக்கும். அதையும் முகவரியைப் போலவே ஒரே எண்ணாக்கி 2**32-இலிருந்து கழித்தால் அளவு கிடைத்துவிடும், இங்கே 4,096. அதை 1 ஆகும்வரை இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். 12 முறை வகுக்கவேண்டியிருக்கும். 32-இலிருந்து 12 போக /20.

வழியில் எங்காவது 1 அல்லாத ஒற்றைப்படை எண் வந்தால் அது செல்லாத மாஸ்க். 255.255.0.255 என்று யாராவது தட்டச்சுப் பிழையாகக் கொடுத்தால் அளவு 65,281 என்று வரும், முதல் அடியிலேயே அகப்பட்டுக்கொள்ளும். இதையே ஒரே வரியில் (அளவு & (அளவு - 1)) == 0 என்றும் சோதிக்கலாம். அடைப்புக்குறிகளை விட்டுவிடாதீர்கள்: பைத்தான் மன்னிக்கும், சி மொழியில் குறிகளின் முன்னுரிமை வேறு என்பதால் விடை மாறிவிடும்.

சிஸ்கோ ரூட்டர்களின் அக்சஸ் லிஸ்ட்டில் (எந்த முகவரிகளை அனுமதிப்பது என்ற பட்டியலில்) கேட்கும் வைல்டுகார்டு மாஸ்க் வேண்டுமென்றால் அளவு - 1 என்பதை நான்கு துண்டாக்கினால் போதும். /20-க்கு அது 0.0.15.255.

ஒரு பெரிய வலையைப் பிரித்துக் கொடுப்பது

ஸ்கிரிப்ட் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான். ஒரு கல்லூரிக்கு 10.20.40.0/22 ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 1,024 முகவரிகள். விடுதி வைஃபைக்கு 400 கருவிகள், கணினி ஆய்வகத்துக்கு 200, அலுவலகத்துக்கு 50, கண்காணிப்புக் கேமராக்கள் 25, இரண்டு ரூட்டர்களுக்கு இடையே ஓர் இணைப்பு. விடுதிக் கணக்கில் ஆட்களை எண்ணாதீர்கள், கருவிகளை எண்ணுங்கள். ஒரு மாணவர் கையில் செல்பேசியும் மடிக்கணினியும் இருந்தால் இரண்டு முகவரி.

ஒவ்வொன்றுக்கும் அளவு கண்டுபிடிக்க, கருவிகளின் எண்ணிக்கையோடு நெட்வொர்க், பிராட்காஸ்ட், கேட்வே (வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரி) மூன்றுக்கும் மூன்றைக் கூட்டி, அதற்குக் குறையாத மிகச் சிறிய 2-இன் அடுக்கை எடுங்கள். கேட்வேயை மறப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. 30 கருவிகளுக்கு /27 போதும் என்று நினைப்பார்கள், ஆனால் ரூட்டருக்கும் ஒரு முகவரி வேண்டும், 33 ஆகிவிடுகிறது, /26 தேவை. அடுக்கைக் கண்டுபிடிக்க மடக்கை ஃபங்ஷனைப் பயன்படுத்தாமல், 1-இலிருந்து இரட்டித்துக்கொண்டே போங்கள். மடக்கையில் தசமப் பிசகு வந்து ஓர் அடுக்கு கூடிவிடக்கூடும். அமேசானின் ஏடபிள்யூஎஸ், மைக்ரோசாஃப்டின் அஸூர் போன்ற மேகச் சேவைகளில் ஒவ்வொரு சப்நெட்டிலும் ஐந்து முகவரிகளைச் சேவையே எடுத்துக்கொள்ளும் என்பதால் அங்கே மூன்றுக்குப் பதில் ஐந்தைக் கூட்டவேண்டும்.

நமது கணக்கில் அளவுகள் 512, 256, 64, 32. ரூட்டர் இணைப்பில் கேட்வே தனியாக இல்லை, 2 + 2 = 4. இனி ஒதுக்கீடு:

இடம் = 10 * 256**3 + 20 * 256**2 + 40 * 256
அளவு = 512
தொடக்கம் = (இடம் + அளவு - 1) // அளவு * அளவு
இடம் = தொடக்கம் + அளவு

மூன்றாவது வரி, இடம் என்ற எண்ணை அளவின் அடுத்த மடங்குக்கு உயர்த்துகிறது. ஏற்கெனவே மடங்கில் இருந்தால் அப்படியே விட்டுவிடும். அளவை 256, 64, 32, 4 என்று மாற்றி, கடைசி இரண்டு வரிகளை ஒவ்வொரு முறையும் ஓட்டினால் கிடைப்பது:

விடுதி: 10.20.40.0/23
ஆய்வகம்: 10.20.42.0/24
அலுவலகம்: 10.20.43.0/26
கேமரா: 10.20.43.64/27
இணைப்பு: 10.20.43.96/30

பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திக் கொடுப்பது முக்கியம். வரிசை மாறி, இணைப்பை முதலிலும் விடுதியை அடுத்தும் கொடுத்துப் பாருங்கள். இணைப்பு 10.20.40.0-வில் நான்கே முகவரியை எடுக்கும். விடுதி 512-இன் அடுத்த மடங்கைத் தேடி 10.20.42.0-வுக்குப் போய்விடும். அடுத்து ஆய்வகத்துக்கு வரும் இடம் 10.20.44.0, அது நம் /22-க்கு வெளியே. முகவரிகள் தாராளமாக மிச்சமிருந்தும் இடமில்லை. ஆகவே ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்குப் பின்னும் இடம் என்ற எண், கல்லூரி வலையின் முதல் முகவரி எண் + 1,024-ஐத் தாண்டியதா என்று ஸ்கிரிப்ட் பார்த்துச் சொல்லவேண்டும்.

ஆனால் ஸ்கிரிப்ட் தந்த பட்டியலை அப்படியே ரூட்டரில் ஏற்றிவிடாதீர்கள். கேமராக்களைப் பாருங்கள். /27-இல் 30 முகவரி, கேட்வேக்கு ஒன்று, கேமராவுக்கு 25, மிச்சம் நான்குதான். எந்த வளாகத்திலும் கேமராக்களின் எண்ணிக்கை குறைந்து பார்த்ததில்லை. இணைப்பை .96-இல் வைக்காமல் கடைசிக்குத் தள்ளி 10.20.43.252/30-இல் வைத்தால், .96 முதல் .127 வரை காலியாக இருக்கும். 64 என்பது 64-இன் மடங்கு என்பதால், நாளை கேமராக்கள் பெருகும்போது மாஸ்க்கை மட்டும் /26 என்று மாற்றினால் போதும், ஒரு கேமராவின் முகவரியையும் மாற்றவேண்டாம். அலுவலகத்துக்கு இந்த வசதி இல்லை, அதன் வலப்பக்கத்தில் கேமராக்கள் உட்கார்ந்திருக்கின்றன. அலுவலகம் வளரும் என்று தோன்றினால் முதலிலேயே அதற்கு /25 கொடுத்துவிட்டு, கேமராவை .128-இல் தொடங்குங்கள். அதற்கும் இந்த /22-இல் இடம் இருக்கிறது.

மாஸ்க்கை மாற்றும்போது எல்லாக் கருவிகளிலும் மாற்றவேண்டும். 10.20.43.70 என்ற பதிவுக் கருவி /26-க்கு மாறிவிட்டது, .75-இல் உள்ள பழைய கேமராவோ இன்னும் /27-இலேயே இருக்கிறது, புதிய கேமரா .100-இல் வருகிறது என்று வையுங்கள். பதிவுக் கருவியோடு இரண்டு கேமராக்களும் பேசும். ஆனால் .75-இன் கண்ணுக்கு .100 வெளி நெட்வொர்க், அதனால் அதற்கான பாக்கெட்டைக் கேட்வேக்கு அனுப்பும். .100-இன் கண்ணுக்கோ .75 பக்கத்து வீடு, நேரே அனுப்பும். பிங் சில சமயம் வரும், சில சமயம் வராது. இப்படிப்பட்ட பழுதில் கேபிளை மாற்றிப் பார்த்தே நேரம் போகும். இரண்டு முனையின் மாஸ்க்கையும் ஸ்கிரிப்டில் போட்டுப் பார்த்தால், தொடக்கம் ஒன்றாக வந்தாலும் முடிவு வேறாக வருவது தெரிந்துவிடும்.

இரண்டு வலைகள் மோதுகின்றனவா

தொடக்கமும் முடிவும் கையில் இருந்தால் இதற்கு ஒரே வரி:

(தொடக்கம்1 <= முடிவு2) & (தொடக்கம்2 <= முடிவு1)

விடை True (உண்மை) என்று வந்தால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. வீட்டு ரூட்டர்கள் பல 192.168.0.0/24 அல்லது 192.168.1.0/24 என்ற அமைப்போடுதான் வருகின்றன. அலுவலகமும் அதையே வைத்திருந்தால், வீட்டிலிருந்து விபிஎன் போட்டதும் அலுவலக சர்வருக்குப் போகவேண்டிய பாக்கெட் வீட்டு வலைக்குள்ளேயே தேடிக்கொண்டு நிற்கும். நிரல்களைத் தனித்தனிக் கூடுகளில் ஓட்டும் டாக்கர் மென்பொருளை நிறுவியதும் அது தானாக 172.17.0.0/16-ஐ எடுத்துக்கொள்வதால், அந்த வரம்பில் அலுவலக வலை இருக்கும் இடங்களிலும் இதே கதை. தனிப்பட்ட வலைகளுக்கென்று 1996-இல் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கியவை 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. புதிதாகத் திட்டமிடும்போது 10-இல் தொடங்கும் பெரிய வரம்பின் நடுவிலிருந்து எடுத்தால் மோதல் குறையும்.

பைத்தானின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் 3.3 பதிப்பிலிருந்து ஐபி அட்ரஸ் (ipaddress) என்ற மாட்யூல் இருக்கிறது. அன்றாட வேலைக்கு அதையே பயன்படுத்தலாம், உங்கள் ஸ்கிரிப்டின் விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் அது உதவும். அதில் நெட்வொர்க்காக 10.20.41.0/22 என்று கொடுத்தால் ஹோஸ்ட் பிட்கள் இருக்கின்றன என்று பிழை காட்டி நின்றுவிடும். /22-இன் அளவு 1,024, அதாவது 4 × 256, ஆகவே அதன் தொடக்கத்தில் மூன்றாவது எண் 4-இன் மடங்காக இருக்கவேண்டும். 41 என்பது 4-இன் மடங்கு அல்ல என்பதால் அந்த முகவரியில் ஒரு /22 தொடங்க முடியாது. அந்த முகவரி எந்த /22-க்குள் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால், கண்டிப்பைத் தளர்த்தும் விருப்பத்தோடு அழையுங்கள், 10.20.40.0/22 என்று திருத்தித் தரும்.